கொடிக்கயிறு

நாற்காலிக்காரியை முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம், அவள் சிரித்ததுதான். துறைமுகத்துப் பக்கம் சர்க்கார் வேலையாக வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள், அளப்பார்கள், போவார்கள். அவர்களால் பெரிய ஆபத்து இல்லை. சிரித்துக்கொண்டு வருகிறவர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவுக்கும் இப்படித்தான் இரண்டு பேர் வந்தார்கள். உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். உங்களை யாரும் அசைக்க மாட்டார்கள் என்று பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். இப்போது அந்தத் தெரு இருந்த இடத்தில் காலி கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இவள் வந்த விஷயம் வேறு என்று சொன்னார்கள். எங்கள் தெருவுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு பெரிய கான்கிரீட் தளம் கிடக்கிறது. அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து சரக்கை இறக்கி வைக்கிற இடம். கப்பல்கள் எல்லாம் புதுத் துறைக்குப் போன பிறகு அதை யாரும் சீந்தவில்லை. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் அங்கே சேறும் உப்பு நிலத்தில் முளைக்கிற உமரிச் செடியும் அலையாத்தி மரமும் நண்டும் கொக்குமாக இருந்ததாம். தளத்தை உடைத்து, அலையை மறுபடி உள்ளே விட்டு, அதையெல்லாம் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம். அதற்கு முன்னால், தெரு ஜனங்கள் அந்த இடத்தில் என்ன செய்கிறார்கள், எங்கே நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று ஒருத்தி வந்து பார்த்து, அதற்கு ஏற்ற மாதிரி எல்லாவற்றையும் அமைப்பாளாம். விளக்குக் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸில் இப்படித்தான் இருந்தது. கொக்குக்கு இடம் கொடுப்பதற்கு நான் எங்கே உட்காருகிறேன் என்று எதற்குத் தெரிய வேண்டும்? நோட்டீஸை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ஏனென்றால் அந்தத் தளத்தில்தான் என் பிழைப்பே இருந்தது. நாங்கள் கப்பல்காரர்களின் துணி வெளுக்கிறவர்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. துவைப்பது மெஷின். காயவைப்பது வெயிலும் கடல் காற்றும். தளத்தில் இருந்த பழைய விளக்குக் கம்பங்களுக்கு நடுவே வரிசையாகக் கொடி கட்டி, அதில்தான் இத்தனை வருஷமாகக் காயப்போட்டு வந்தோம். யாரிடம் அனுமதி வாங்கினோம் என்று கேட்டால் பதில் கிடையாது. இடம் துறைமுகத்தினுடையது. கயிறு எங்களுடையது. தெருவில் யார் தண்ணீர்ப் பக்கம் போனாலும் எங்கள் கொடிகளுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். ஈரத் துணி கன்னத்தில் அறைந்தால் என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார்கள். கஸ்டம்ஸ் அண்ணனின் தொப்பியை எங்கள் கயிறு தட்டிவிடாத வாரமே கிடையாது.

கஸ்டம்ஸ் அண்ணன்தான் எங்கள் தெருச் சங்கத்துக்குத் தலைவர். வேலையில் இருந்த காலம் முழுக்கத் துறைமுக வாசலில் நின்று அடுத்தவர் பையைத் திறந்து பார்த்தே ரிட்டயர் ஆனவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட உறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே எங்கள் இஸ்திரி அறையில் தெரு ஜனங்களைக் கூட்டினார்.

"அவங்க என்ன எழுதறாங்களோ, அத வச்சுத்தான் நம்மளக் காலி பண்ணுவாங்க. நீ தளத்துல சீட்டாடறியா, ஆக்கிரமிப்பு. துணி காயப்போடறியா, ஆக்கிரமிப்பு. எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லன்னா என்ன பண்ணுவாங்க?"

"அதுக்காக எல்லாரும் வீட்டுக்குள்ளயே கெடந்தா அதுவே சந்தேகமா இருக்காதாண்ணே?" என்று பெயின்ட் கடைக்காரர் கேட்டார். பழைய கிரேனின் நிழலில் கேரம் பலகை வைத்து ஒரு கூட்டத்தையே கெடுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"அதத்தான் சொல்ல வர்றேன். கௌரவமா எதையாவது செய்யுங்க. பேப்பர் படிங்க. கைய வீசி நடங்க. அதுவும் தெரு ஓரத்துல. தளத்துக்குள்ள யாரும் கால் வைக்கக் கூடாது."

"துணி எங்க காயறது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"மாடி ரூம்ல," என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். கொடிகளை நானே அவிழ்த்தேன். கம்பங்களில் இருந்த கொக்கிகளைக்கூட ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் இல்லையா.

ஆக, நாற்காலிக்காரி தன் மடக்கு நாற்காலியை விரித்து எங்கள் லாண்டரிக்கு எதிரே உட்கார்ந்தபோது, எங்கள் தெருவைப் போல ஒழுக்கமான தெரு உலகத்திலேயே இருந்திருக்காது. பெயின்ட் கடைக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டுப் பேப்பர் படித்தார். முதல் நாள் படித்த அதே பேப்பரை அடுத்த வாரமும் படித்தார். வாழ்க்கையில் பஸ்ஸுக்குக்கூட வேகமாக நடந்திராத பெண்கள் கையை வீசிக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார்கள். தளம் வெறிச்சென்று கிடந்தது. நாற்காலிக்காரி மடியில் அட்டையை வைத்துப் பார்த்தாள், எழுதினாள், மறுபடி பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால்கூடப் பொய் சொல்லித் தப்பிக்கலாம். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பவளிடம் என்ன செய்வது?

இரண்டாம் வாரம் என் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொடுத்துவிட்டு வர வேண்டியதுதானே? நின்று பேசினார். சிரித்து வேறு பேசினார்.

"என்ன கேட்டா?" என்றேன் வந்தவுடன்.

"இஸ்திரி போடறதுல கை வலிக்குமான்னு கேட்டுச்சு."

"நீங்க இஸ்திரி போடறீங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"கைல சூடு பட்ட தழும்ப பாத்துருக்கு. வெயில்ல உக்காந்திருக்கு, பாவம்."

"உங்களுக்கு ஊர்ல இருக்கிற எல்லாரும் பாவம், என் ஒருத்தியத் தவிர. துணி எங்க காயப்போடறோம்னு உளறி வைக்கலியே?"

அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அன்றிலிருந்து அவர் மேலும் ஒரு கண் வைக்க ஆரம்பித்தேன். மனசு சுத்தமானவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்லவர்கள் வாயில்தான் ரகசியம் தங்காது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தது அதற்கு அப்புறம்தான். நான் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். தளத்துக்குள் குனிந்து குனிந்து நடந்து, தரையைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் வந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். தளத்துல எங்க வெடிப்பு இருந்தாலும் அதுல உமரி முளைச்சிருக்கு. அந்தக் கிரேன் பக்கம் பாருங்க, சிவப்பும் பச்சையுமா அடர்த்தியா இருக்கு. இந்தக் கம்பங்களுக்கு நடுவுல மட்டும் ஒண்ணுமே இல்ல. வெடிப்பு இருக்கு, செடி இல்ல. ஏன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் எனக்கல்லவா தெரியும்? விரிப்பின் நுனி தரையில் உரசினால் அந்தச் செடியின் கறை ஏறிவிடும், லேசில் போகாது. அதனால் சலவைச் சோடா போட்டுக் கொதித்த வெந்நீரைச் சாயங்காலம் சாயங்காலம் அந்த வெடிப்புகளில்தான் ஊற்றுவேன்; கொடியை அவிழ்த்த பிறகும், அவள் நாற்காலியை மடக்கிப் போனதும் இருட்டில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். முளை தலைகாட்டினால் வெந்துபோகும். ஆளே போகாத இடத்தில் செடி இல்லாததை வைத்து என்னைப் பிடித்துவிடுவாள் என்று எந்தக் கஸ்டம்ஸ் அண்ணனுக்குத் தோன்றியது?

"உப்புக் காத்து," என்றேன். "இங்க காத்துல உப்பு ஜாஸ்தி."

"உமரிக்கு உப்புதானேக்கா சாப்பாடு?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. செடியைக் கொன்றதற்கே தனியாக ஒரு கேஸ் போடுவார்களோ என்னமோ. வெந்நீர் ஊற்றுவதை நிறுத்தினேன். மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டேன்.

இதற்கு நடுவில் மாடி அறையில் துணி காய்ந்தபாடில்லை. ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும், ஃபேன் போட்டும், விரிப்புகள் முழுக்க ஈர வாடை. ஒரு கப்பலில் படுக்கை, விரிப்பெல்லாம் பார்த்துக்கொள்கிற ஸ்டூவர்ட் மூட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார். எங்கள் பழைய வாடிக்கைக்காரர் அவர், அதிர்ந்து பேச மாட்டார்.

"மோந்து பாருங்கம்மா. நனைஞ்ச நாய் மாதிரி இருக்கு. இது மேல மனுஷன் படுப்பானா? உங்க துணில வெயில் வாசனை வரும், அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வர்றேன். இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற இடம் பாத்துக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

அவர் போன பிறகு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். கொடி இல்லாவிட்டால் இந்த லாண்டரி இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் எழுதி முடித்துப் போய்விட்டால் மறுபடி கட்டிக்கொள்ளலாம், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று கஸ்டம்ஸ் அண்ணன் தேற்றினார். நானும் அதைத்தான் நம்பினேன்.

ஒரு பெரிய மழை பெய்து, அதோடு கடலும் ஏறி, எங்கள் தெருச் சாக்கடை வழியாகத் துறைமுகத்துத் தண்ணீர் வழக்கம்போல லாண்டரிக்குள் வந்தது. எண்ணெய்ப் படலத்தோடு வரும் அந்தத் தண்ணீரை மாப் போட்டு இழுத்தே என் இடுப்பு ஒடிந்திருக்கிறது. அதை வெளியே தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, தளத்தில் நாற்காலிக்காரி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். தொலைந்த தோடு கிடைத்த மாதிரி அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். கிட்டே போய்ப் பார்த்தேன். என் கம்பங்களுக்கு நடுவே, நான் வெந்நீர் ஊற்றாமல் விட்ட வெடிப்புகளில், விரல் நக உயரத்துக்கு உமரி வரிசையாக முளைத்திருந்தது.

"பாத்தீங்களாக்கா? தானா வந்துருச்சு!"

அது தானாக வந்ததா, நான் விட்டதால் வந்ததா என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு வாளி வெந்நீர் போதும். ஆனால் அவள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு முளைக்கும் பக்கத்தில் அடையாளத்துக்குச் சின்னச் சின்னக் காகிதக் கொடிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் நோட்டீஸ் இருந்த கம்பத்தில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டினார்கள். தெருவே கூடியது. பெயின்ட் கடை வாசலில் ஒரு வட்டம், அதில் "வாசிப்பு மூலை" என்று போட்டிருந்தது. தெரு ஓரம் நெடுக "நடைப் பாதை". கிரேன் நிழலில் கேரம் ஆடிய இடத்தில் அலையாத்தி மரங்கள். என் கம்பங்கள் இருந்த இடம் முழுக்கப் பச்சை. அதன் மேல், "ஆள் நடமாட்டம் இல்லாத பகுதி. செடிகள் இயல்பாகத் திரும்பும் இடம். வேலி அமைக்கப்படும்" என்று எழுதியிருந்தது.

"வாசிப்பு மூலையா!" என்றார் பெயின்ட் கடைக்காரர். "நான் எங்க ஸ்கூல்லயே வாசிச்சதில்லியேப்பா!"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலி என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் காட்டிய தெருவைத்தான் அவள் வரைந்திருந்தாள், ஒரு கோடு கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாமே சவக்குழி வெட்டிக்கொண்டோமா, அல்லது எல்லாம் தெரிந்துதான் வெட்ட விட்டாளா? வெடிப்பைப் பார்த்தவளுக்கு இது தெரியாதா?

"போய் உள்ளதச் சொல்லிடலாமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

கஸ்டம்ஸ் அண்ணன் பாய்ந்தார். "அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கா! நீங்க வாயத் தொறந்த மறு நிமிஷம் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும். ஒத்துக்கிட்டவங்க வீட்டுக்கு மொதல்ல. வலை விரிச்சிருக்கா, புரியலியா?"

எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது. சொன்னால் நோட்டீஸ். சொல்லாவிட்டால் வேலி.

கருத்துக் கேட்கும் நாளன்று காலையில் தளத்தைப் பார்த்தால் திருவிழா மைதானம் மாதிரி சுண்ணாம்புக் கோடுகள். வரைபடத்தை அதே அளவில், உண்மையாக எது எங்கே வரப்போகிறதோ அங்கேயே, தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்தாள். நகராட்சிப் பொறியாளர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. நாற்காலிக்காரி கோட்டுக்குள் நின்று விளக்கினாள். இது வரைக்கும் கான்கிரீட் உடையும். இந்தச் சரிவில் அலை ஏறி இறங்கும். இந்தச் சேற்றில் உமரி, அதற்குப் பின்னால் அலையாத்தி. கடல் ஏறும்போது சாக்கடை வழியாக உங்கள் வீட்டுக்குள் வருகிற தண்ணீர் இனி இங்கே பரவி நிற்கும், தானாக வடியும்.

அந்த இடத்தில் மட்டும் எனக்குக் காது கூர்மையாயிற்று. மாப் போடாத ஒரு மழைக்காலத்தை நினைத்துப் பார்த்தேன். அப்புறம், உலர்ந்த தரையில் துவைக்கத் துணியே வராவிட்டால் என்ன சுகம் என்று நினைத்துக்கொண்டேன்.

"படத்துல பாத்தா யாருக்கும் சரியாப் புரியாது," என்றாள் அவள். "அவங்கவங்க வாசல்லேர்ந்து தண்ணி வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க. எது எங்க வருதுன்னு தெரியும். இடிக்கிற மாதிரி இருந்தா அங்கயே நின்னு சத்தம் போடுங்க."

நடப்பதில் என்ன மாட்டிக்கொள்ளப் போகிறோம்? கஸ்டம்ஸ் அண்ணன் தலையை ஆட்டி உத்தரவு கொடுத்தார். அவள் வந்த நாளிலிருந்து தெரு மொத்தமும் சேர்ந்து தளத்துக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பெயின்ட் கடைக்காரர் கக்கத்தில் பேப்பரோடு முன்னால் போனார். பின்னால் கை வீசும் பெண்கள். நானும் என் வீட்டுக்காரரும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும், நானும்தானே குனிந்துகொண்டிருந்தேன். என் பக்கத்தில் அந்தப் பொறியாளர் நடந்து வந்தார். முதல் ஜோடிக் கம்பங்களைத் தாண்டும்போது அவர் விறைப்பாக, நேராகப் போனார். "இந்த ஆளு கயித்துல மாட்டிக்கப் போறாரு" என்று மனசுக்குள் பதறினேன். பதறிய பிறகுதான் உறைத்தது. கயிறு எங்கே இருக்கிறது?

நிமிர்ந்து பார்த்தேன். கம்பங்களுக்கு நடுவே வெறும் ஆகாயம். அதற்கு அடியில் எங்கள் தெரு மொத்தமும் தலையைத் தாழ்த்திப் போய்க்கொண்டிருந்தது. பெயின்ட் கடைக்காரர் குனிந்தார், நிமிர்ந்தார், நாலு எட்டு வைத்து அடுத்த கொடி இருந்த இடத்தில் மறுபடி குனிந்தார். பெண்கள் குனிந்தார்கள். ஒருத்தி முகத்தில் ஈரத் துணி படாமல் இருக்கக் கையால் காற்றை விலக்கிவிட்டுப் போனாள். எல்லாருக்கும் பின்னால் வந்த கஸ்டம்ஸ் அண்ணன் ஒவ்வொரு கொடிக்கும் தவறாமல் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, இல்லாத கயிறுகளுக்கெல்லாம் கும்பிடு போட்டபடி நடந்தார்.

நாற்காலிக்காரி எழுந்தாள். சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு வந்து, நாங்கள் குனிந்த இடத்தில் ஒரு கம்பத்திலிருந்து எதிர்க் கம்பம் வரை கோடு போட்டாள். அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. நான் அவிழ்த்துப் போட்ட கொடிகள் ஒவ்வொன்றாகத் தரையில் திரும்பி வந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"என்ன இது?" என்றார் பொறியாளர்.

"இவங்க எல்லாரும் ஒரே எடத்துல குனியறாங்க சார். இங்க ஏதோ இருந்திருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்று கஸ்டம்ஸ் அண்ணன் விரைந்து வந்தார். "முதுகு வலிம்மா. வயசாயிடுச்சு."

"எல்லாருக்குமாங்கய்யா?"

"தெருவே வயசான தெரு."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜனங்க பயன்படுத்தற எடம்னு எழுதணும்னா, பயன்படுத்தறவங்க யாராவது ஒருத்தர் வாயால சொல்லணும். இல்லன்னா இது வேலிக்குள்ளதான் போகும். குனிஞ்சாங்கன்னு நான் ஆபீஸ்ல போய்ச் சொல்ல முடியாது."

பெயின்ட் கடைக்காரர் கக்கத்துப் பேப்பரைப் பிரித்தார். நாற்காலிக்காரி யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. காகிதக் கொடிக் குச்சி ஒன்றை எடுத்து என் லாண்டரிக்கு எதிரே இருந்த கம்பத்தில் படுக்கையாக வைத்துப் பிடித்தாள். அங்கே நான் கழற்றிய கொக்கியின் துரு வட்டமாகப் படிந்திருந்தது. அதை அப்போதுதான் நானே பார்த்தேன்.

"இந்த ஒயரமா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

கஸ்டம்ஸ் அண்ணன் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை இடமும் வலமும் ஆட்டினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இவர் உளறியிருந்தால் அவள் எதற்கு உயரம் கேட்கிறாள்? அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இந்த மனுஷன் ஒரு வார்த்தைகூட உளறவில்லை. நான்தான் அநியாயமாக அவரைச் சந்தேகப்பட்டிருந்தேன்.

"ஏம்மா," என்றேன். "யாராவது ஆமான்னு சொன்னா, அவங்க வீட்டுக்கு நோட்டீஸ் வராதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

அவள் குச்சியைப் பிடித்தபடியே யோசித்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இல்லக்கா. பண்ண முடியாது. நோட்டீஸ் அனுப்பறது நான் இல்ல, துறைமுகம். வந்தா நானும் உங்ககூட வந்து பேசுவேன். கேப்பாங்களா, மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது."

பக்கத்துத் தெருவுக்கு வந்தவர்கள் பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். இவளால் ஒரு சின்ன சத்தியம் செய்ய முடியவில்லை. சொல்லியிருந்தால் என்ன, நாக்கு தேய்ந்தா போகும்? பொய்யாகவாவது வராதுக்கா என்று சொல்லியிருந்தால் நான் அப்போதே வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். எனக்குப் பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடுதான் அவளிடம் போய் அந்தக் குச்சியைப் பிடித்தேன்.

"இன்னும் ஒரு சாண் மேல," என்றேன். "ஈரத்துணி போட்டா கயிறு தொய்யும். தொய்ஞ்சா விரிப்பு தரையில உரசும். செடிக் கறை போகாது."

பின்னால் கஸ்டம்ஸ் அண்ணன் "ஐயையோ" என்றது கேட்டது. பொறியாளர் பேனாவைத் திறந்தார்.

"செடிக்கு மேல துணி காயட்டும்க்கா," என்றாள் அவள், காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டே. "நடந்து போகப் பலகை போட்டுக்கலாம். வெந்நீர் மட்டும் ஊத்தாதீங்க."

"யாரு ஊத்தினா?" என்றேன். வாய்ப் பழக்கம்.

அவள் கேட்காத மாதிரி கம்பத்தில் ஒரு சாண் மேலே கோடு கிழித்தாள். பொறியாளர் என்னிடம் பேர் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் எங்கே போகும், என்னவாகத் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் வாசலில் யாராவது உறையோடு வந்து நின்றால் எனக்கு நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்கிறது. அன்றைக்கு அந்தத் தளத்தில் பேர் கொடுத்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தனியாக மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது கஸ்டம்ஸ் அண்ணன் வந்தார். கம்பத்தில் அவள் போட்ட கோட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் அடியில் நின்று பார்த்தார். கோடு அவர் நெற்றிக்கு நேராக இருந்தது.

"இன்னும் ஒரு சாண் ஏத்திப் போடச் சொல்லும்மா," என்றார் என்னிடம், அவளைப் பார்க்காமல். "எத்தன வருஷந்தான் குனிஞ்சே போறது?"